செடி பச்சையா நல்லா இருந்தா சாப்பிடலாம்தானே? கன உலோகம் இருக்குற மண்ணுல பயிர் என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் விவரமா

கேட்டது இதுதான்: காட்மியம், ஈயம், ஆர்சனிக் இதெல்லாம் கலந்த மண்ணுல பயிர் வெச்சா செடி அதை எப்படி சமாளிக்குது, பாதிப்பு வந்தா வெளிய தெரியுமா, செடி நல்லா பச்சையா வளந்திருந்தா சாப்பிடலாம்தானே? கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன், அப்படி முடிவு பண்ணவே கூடாது. அதுவும் காட்மியத்துல செடியோட தோற்றத்தை நம்பினா நிச்சயம் ஏமாறுவீங்க. ஏன்னு புரியணும்னா செடி உள்ள என்ன நடக்குதுன்னு வேர்ல இருந்து ஆரம்பிக்கணும், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கன உலோகம்ங்கற பேரே கொஞ்சம் தளர்வான பேரு. ஆர்சனிக் முழு உலோகமே கிடையாது, ஆனாலும் இந்தக் கூட்டத்துலதான் சேத்துப் பேசுவாங்க. செடி கண்ணோட்டத்துல பாத்தா ரெண்டு வகை இருக்கு. செம்பு, ஜிங்க், மாங்கனீசு, நிக்கல் இதெல்லாம் துளியூண்டு கண்டிப்பா வேணும், அதிகமானா விஷம். நிக்கல் கூட வேணும்னா பல பேரு நம்ப மாட்டாங்க, 1975ல வாளவரை விதையில இருக்குற யூரியேஸ் என்சைமுக்குள்ள நிக்கல் இருக்குன்னு கண்டுபிடிச்ச பிறகுதான் அந்த விஷயமே வெளிச்சத்துக்கு வந்துச்சு. இன்னொரு வகை காட்மியம், ஈயம், பாதரசம், ஆர்சனிக். பயிருக்கு இதுங்களால ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்போ எதுக்கு உள்ள விடுது?

விடறதில்லங்க, அதுங்களா நுழைஞ்சுடுது. வேரோட செல் சவ்வுல காட்மியத்துக்குன்னு தனியா ஒரு வாசல் எந்தப் பயிர்லயும் கிடையாது. இரும்பு, ஜிங்க், மாங்கனீசு, கால்சியம் வர்றதுக்குன்னு செடி கட்டி வெச்ச வாசல் இருக்கு, காட்மியம் அயனியோட சைஸும் சார்ஜும் அதுங்களோட கிட்டத்தட்ட ஒத்துப் போறதால வாசல்ல இருக்குற புரோட்டீனுக்கு வித்தியாசம் தெரியாம உள்ள விட்டுடுது. நெல்லுல முக்கியமான வாசல் நிராம்ப்5னு ஒரு புரோட்டீன், அது உண்மையில மாங்கனீசுக்காக இருக்கறது. வேற நிறைய செடிகள்ல ஐஆர்டி1னு இரும்புக்கான வாசல். இதுல ஒரு விஷயம் கவனிங்க, செடிக்கு இரும்புச்சத்து குறைஞ்சா அது ஐஆர்டி1 வாசலை நிறைய திறந்து வெச்சு இரும்பைத் தேடும், அந்த நேரத்துல மண்ணுல காட்மியம் இருந்தா அதுவும் சேந்து அள்ளிட்டு வரும். அதனால சத்துக்குறைபாடு இருக்குற செடி மாசையும் அதிகமா எடுக்கும், இது ரெண்டையும் தனித்தனி பிரச்சனையா பாக்கக் கூடாது.

ஆர்சனிக் இன்னும் கில்லாடி. காத்தோட்டம் இருக்குற மண்ணுல அது ஆர்சனேட்டா இருக்கும், ஆர்சனேட் அச்சு அசல் பாஸ்பேட் மாதிரி, அதனால பாஸ்பேட் வாசல் வழியா போயிடும். தண்ணி கட்டி நிக்கிற வயல்ல அது ஆர்சனைட்டா மாறிடும், அது சிலிக்கான் வர்ற வழியில போகும். நெல்லு சிலிக்கானை மத்த பயிரை விட ரொம்ப அதிகமா எடுக்கிற பயிர், அதுக்காக எல்எஸ்ஐ1, எல்எஸ்ஐ2னு ரெண்டு புரோட்டீன் வெச்சிருக்கு, அந்த ரெண்டு வழியாதான் ஆர்சனைட் உள்ள போகுதுன்னு ஜப்பான்ல ஜியான் ஃபெங் மா குழு 2008ல காட்டினாங்க. நெல்லுல ஏன் மத்த தானியத்தை விட ஆர்சனிக் அதிகம்னு கேக்கறவங்களுக்கு பாதி பதில் இதுல இருக்கு, மீதி பாதி தண்ணியில இருக்கு. குரோமியம் குரோமேட் வடிவத்துல இருந்தா, சல்பேட்டுக்கான வாசல்ல வரும். பாதரசம் வேர் வழியா மட்டும் இல்லாம, ஆவியா காத்துல இருந்து இலைத்துளை வழியாவே நேரா இலைக்குள்ள போயிடும்.

தண்ணி விஷயம் சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், எனக்கு இந்த டாபிக்ல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். வயல்ல தண்ணி நின்னா மண்ணுல ஆக்சிஜன் தீந்துடும், நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைக்க ஆரம்பிக்கும், அந்த ஆக்சைடு மேல ஒட்டிக்கிட்டு இருந்த ஆர்சனிக் எல்லாம் விடுபட்டு தண்ணியில கலக்கும். அதே நேரம் சல்பேட் சல்பைடா மாறும், காட்மியம் அந்த சல்பைடோட சேந்து கரையாத பொருளா அடங்கிடும். தண்ணியை வடிச்சு வயலைக் காய விட்டா அப்படியே தலைகீழ், ஆர்சனிக் திரும்ப இரும்பு ஆக்சைடுல ஒட்டிக்கும், காட்மியம் சல்பைடு ஆக்சிஜன் பட்டு உடைஞ்சு காட்மியம் வெளிய வரும். அதாவது தண்ணி நின்னா ஆர்சனிக், வடிஞ்சா காட்மியம். காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடுங்க ஆர்சனிக் குறையும்னு ஒருத்தர் சொல்றதும் சரி, கதிர் வர்றதுக்கு முன்னாடி மூணு வாரம் பின்னாடி மூணு வாரம் வயல்ல தண்ணியைத் தேக்கி வைங்க காட்மியம் குறையும்னு ஜப்பான்ல சொல்றதும் சரி. ரெண்டும் இருக்குற மண்ணுன்னா என்ன பண்றதுன்னு கேட்டா, அங்க தண்ணி மேலாண்மையால மட்டும் ஜெயிக்க முடியாது, ரகத்தை மாத்தணும். அதுக்கு அப்புறம் வரேன்.

சரி, உள்ள போன உலோகம் என்ன கெடுதல் பண்ணுது. முதல்ல அடி வாங்கறது வேர் நுனி. அங்க செல் பிரியறது மெதுவாகும், வேர் குட்டையா தடிச்சு பழுப்பா போகும், வேர்த்தூவி குறையும், அதனால தண்ணியும் சத்தும் எடுக்கறது குறையும். இலையில தெரியறது எல்லாம் இதுக்குப் பின்னாடிதான் வரும், பாதி நேரம் அது உலோகத்தோட நேரடி வேலையே இல்ல, வேர் படுத்ததால வந்த பட்டினி. குருத்து இலை நரம்பு மட்டும் பச்சையா இருந்து நடுவுல மஞ்சளாகும், பாத்தா இரும்புக் குறைபாடு மாதிரியே இருக்கும், சொல்லப்போனா உள்ள நடக்கறதும் இரும்புக் குறைபாடுதான், காட்மியமோ ஜிங்கோ நிக்கலோ இரும்போட இடத்துல போட்டி போட்டு வந்தது. சில நேரம் இலை ஊதா நிறமா மாறும், பாஸ்பரஸ் கம்மியா இருந்தா வர்ற மாதிரியே. கண்ணால பாத்து இது கன உலோகம்னு சொல்றவரை நம்பாதீங்க, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் சரி. அந்த அறிகுறிகள்ல உலோகத்துக்குன்னு தனியா ஒண்ணு கூட கிடையாது.

செல் லெவல்ல மூணு விதமா அடிக்குது. ஒண்ணு, புரோட்டீன்ல இருக்குற கந்தகப் பிடியில (தயோல்னு சொல்வாங்க) காட்மியமும் பாதரசமும் ஆர்சனைட்டும் போய் இறுக்கமா ஒட்டிக்கிட்டு அந்த என்சைமை முடக்கிடும். பாதரசம் தண்ணி போற குழாய் மாதிரி இருக்குற அக்வாபோரின்களைக் கூட அடைச்சுடும், ஈரமான மண்ணுல நின்னாலும் செடி வாடிப் போகும். ரெண்டாவது, ஆள் மாறாட்டம். குளோரோஃபில் நடுவுல இருக்க வேண்டிய மெக்னீசியத்தை வெளிய தள்ளிட்டு செம்போ பாதரசமோ காட்மியமோ உக்காந்தா அந்த மூலக்கூறு ஒளியைப் பிடிச்சு வேலை செய்யாது. ஆர்சனேட் பாஸ்பேட்டோட இடத்துல போய், செல்லுக்கு எனர்ஜி குடுக்கற ஏடிபி மாதிரியே ஒரு பொருளை உண்டாக்கும், ஆனா அது உடனே உடைஞ்சுடும், ஆத்துல கரைச்ச புளி மாதிரி செடியோட எனர்ஜி வீணாப் போகும். மூணாவது, ஆக்சிஜன் சார்ந்த வினைத்துகள்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு, சூப்பர்ஆக்சைடு இதெல்லாம். செம்பும் இரும்பும் நேரடியாவே ஃபென்டன் வினை மூலமா, அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடை உடைச்சு, இன்னும் வீரியமான ஹைட்ராக்சில் துகளை உண்டாக்கும். காட்மியத்தால நேரடியா அப்படிப் பண்ண முடியாது, அது இந்தத் துகள்களை அடக்கற குளுட்டத்தயோன்ங்கற மூலக்கூறோட கையிருப்பைத் தீத்துட்டு, இரும்பை அதோட இடத்துல இருந்து கிளப்பி விட்டு, மறைமுகமா அதே நிலைமையைக் கொண்டு வந்துடும். இதுக்கு எதிரா சூப்பர்ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸ், கேட்டலேஸ், அஸ்கார்பேட் பெராக்ஸிடேஸ்னு ஒரு பட்டாளமே செடிக்கிட்ட இருக்கு. இந்த என்சைம்களை அளந்து கூடியது குறைஞ்சதுன்னு போடற ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமா இருக்கு, என் கருத்தைக் கேட்டா அதுல பெரும்பாலானது புதுசா ஒண்ணும் சொல்லல, எந்த ஸ்ட்ரெஸ் குடுத்தாலும் அந்த என்சைம்கள் ஏறி இறங்கும்.

இந்த இடத்துல நான் பண்ண கூத்தையும் சொல்லிடறேன். லேப்ல புதுசா சேந்த சமயம், சத்துக் கரைசல்ல நாத்து வளத்து அதுல ஈய நைட்ரேட் போட்டுப் பாக்கற வேலை. போட்டதும் கரைசல் லேசா பால் மாதிரி ஆச்சு, நான் கண்டுக்கவே இல்ல. பத்து நாள் ஆகியும் நாத்து ஜம்முனு இருக்கு, டோஸைக் கூட்டினேன், அப்பவும் ஜம்முனு இருக்கு. ஆகா ஈயத்தைத் தாங்கற ரகத்தைக் கண்டுபிடிச்சுட்டோம்னு நோட்புக்ல பெருசா எழுதி வெச்சு எங்க சார்கிட்ட கொண்டு போய்க் காட்டினா, அவர் பாட்டிலோட அடியைப் பாத்துட்டு "ஈயம் எல்லாம் இதோ கீழ உக்காந்திருக்கேப்பா, செடி எங்க பாத்துச்சு அதை"ன்னாரு. கரைசல்ல இருந்த பாஸ்பேட்டோட ஈயம் சேந்து ஈய பாஸ்பேட்டா படிஞ்சு போச்சு. அன்னிக்கு அசிங்கமா இருந்துச்சு, ஆனா மண்ணுலயும் இதேதான் நடக்குதுன்னு அப்புறம்தான் உறைச்சுது. மண்ணுல மொத்தமா எவ்வளவு இருக்குங்கறது ஒரு நம்பர், செடி கைக்கு எட்டற மாதிரி எவ்வளவு இருக்குங்கறது வேற நம்பர். மண்ணோட பிஹெச், மக்கு, களிமண் அளவு, பாஸ்பேட் இதெல்லாம் சேந்துதான் ரெண்டாவது நம்பரைத் தீர்மானிக்குது.

பழைய கட்டுரைகளைப் படிக்கறவங்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் இதோட சேத்து. லேப்ல 50, 100 மைக்ரோமோலார் காட்மியம் குடுத்து நாலு நாள்ல நடக்கறதைப் பதிவு பண்ணியிருப்பாங்க. மாசான வயலோட மண் கரைசல்ல கூட பெரும்பாலும் 1 மைக்ரோமோலாருக்கு கீழதான் இருக்கும். அந்த அதிக டோஸ்ல நீங்க பாக்கறது செடி சாகற விதம், வயல்ல அது வாழற விதம் வேற.

இப்ப தற்காப்புக்கு வருவோம். முதல் அரண் வேருக்கு வெளியவே இருக்கு. வேர் சிட்ரிக், மாலிக் மாதிரி அமிலங்களைக் கசிய விட்டு உலோகத்தைப் பிடிச்சுக்கும், செல் சுவர்ல இருக்குற பெக்டின் நிறைய உலோகத்தை அங்கயே ஒட்ட வெச்சுடும், ஈயம் பெரும்பாலும் இதைத் தாண்டறதே இல்ல. நெல்லு வேர் தனக்குள்ள இருந்து ஆக்சிஜனை வெளிய விடும், அதனால வேரைச் சுத்தி செம்பழுப்பா இரும்புப் படலம் படியும், நாத்தைப் பிடுங்கிப் பாத்தவங்களுக்கு அந்தத் துரு நிறம் தெரியும், அதுவும் ஆர்சனிக்கைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கும். வேருக்குள்ள காஸ்பேரியன் பட்டைன்னு ஒரு தடுப்பு வளையம் இருக்கு, காட்மியம் பட்டா செடி அந்தத் தடுப்பை வேர் நுனிக்கு இன்னும் பக்கத்துலயே கட்ட ஆரம்பிச்சுடும்.

அதையும் மீறி உள்ள வந்ததை அடக்கறதுக்குத்தான் ஃபைட்டோகெலேட்டின். 1985ல ஜெர்மனியில கிரில், வின்னாக்கர், சென்க் மூணு பேரும் சேந்து இதைத் தாவரத்துல கண்டுபிடிச்சாங்க, எந்தச் செடியோட செல்லுல தெரியுமா, சர்ப்பகந்தா. குளுட்டத்தயோன்னு ஒரு சின்ன மூலக்கூறு எல்லாச் செல்லுலயும் எப்பவும் இருக்கும், அதோட துண்டுகளை 2ல இருந்து 11 வரைக்கும் திரும்பத் திரும்பக் கோத்தா ஒரு சங்கிலி வரும், அந்தச் சங்கிலி முழுக்க கந்தகப் பிடிகள். காட்மியம், ஆர்சனைட் எல்லாம் இதுல சிக்கிக்கும். இதுல அழகு என்னன்னா, இந்தச் சங்கிலியைக் கோக்கற என்சைம் செல்லுல எப்பவுமே தயாரா சும்மா உக்காந்திருக்கு, உலோகம் வந்ததும் வேலையைத் தொடங்கும், வந்த உலோகம் எல்லாம் சங்கிலியில மாட்டினதும் தானா நிறுத்திடும். புதுசா ஜீனை எழுப்பி புரோட்டீன் செஞ்சுக்கிட்டு இருக்க நேரம் ஆகும்ல, அதுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்ல. சங்கிலியில மாட்டின காட்மியத்தையும் ஆர்சனிக்கையும் ஏபிசிசி வகை பம்புகள் வாக்குவோலுக்குள்ள, அதாவது செல்லுக்குள்ள இருக்குற அந்தப் பெரிய நீர்ப்பைக்குள்ள தள்ளிடும். அங்க போய்ட்டா அது பரண் மேல போட்ட சாமான் மாதிரி, இருக்கும், ஆனா தொந்தரவு பண்ணாது.

ஆனா இது இலவசம் இல்ல. ஒவ்வொரு சங்கிலிக்கும் கந்தகமும் நைட்ரஜனும் செலவாகும். அதோட, அதே குளுட்டத்தயோன்தான் மேல சொன்ன ஆக்சிஜன் துகள்களை அடக்கறதுக்கும் வேணும். உலோகத்தைப் பிடிக்க அதைச் செலவழிச்சா அந்தப் பக்கம் கை காலியாகும். காட்மியம் பட்ட செடி சல்பேட்டை வழக்கத்தை விட அதிகமா உறிஞ்சறதுக்குக் காரணம் இந்தச் செலவுதான், கந்தகம் பத்தாத மண்ணுல பயிர் சீக்கிரம் படுக்கறதுக்கும் இதுதான்.

ஆர்சனிக்குக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. வேர் ஆர்சனேட்டை ஆர்சனைட்டா மாத்தி திரும்ப வெளியவே கொட்டும், எடுத்ததுல பெரும் பங்கை இப்படி வெளிய அனுப்பிடும். ஹோல்கஸ்னு ஒரு புல்லு இருக்கு, பழைய சுரங்கக் குப்பையில வளர்றது, அது வாசலையே சாத்திடுச்சு. பாஸ்பேட்டை வேகமா எடுக்கற வழியை முடக்கி வெச்சுட்டு மெதுவா எடுத்துக்கிட்டே பிழைக்குது. புல்லுக்கு அது கட்டுபடியாகும், விளைச்சல் எதிர்பாக்கற பயிருக்குக் கட்டுபடியாகுமான்னா சந்தேகம்தான்.

இப்பதான் உங்க கடைசிக் கேள்விக்கான இடம் வருது. வேர்ல பூட்டி வெச்சது எவ்வளவு, மேல ஏறினது எவ்வளவு? வேர்ல இருக்குற நீர்ப்பைக்குள்ள காட்மியத்தைத் தள்ற முக்கியமான பம்பு நெல்லுல ஹெச்எம்ஏ3. அது நல்லா வேலை செஞ்சா காட்மியம் வேரோட நின்னுடும். அஞ்சனா தான்னு ஒரு நெல் ரகம், அதுல இந்தப் புரோட்டீன்ல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினதால பம்பு வேலையே செய்யல, வேர்ல பூட்ட முடியாத காட்மியம் எல்லாம் தண்டு ஏறி இலைக்கும் கதிருக்கும் போயிடுதுன்னு 2010ல காட்டினாங்க. வெளிய நின்னு பாத்தா அதுவும் இன்னொரு நெல்லுச் செடிதான். டியூரம் கோதுமையிலயும் அதே ஹெச்எம்ஏ3 ஜீனோட நல்ல வடிவம் இருக்குற ரகத்துல மணியில காட்மியம் கம்மி, கனடாவுல குறைஞ்ச காட்மியம் ரகங்களைத் தேர்வு பண்ணினதுக்கு அடிப்படை இந்த ஒரு இடம்தான்.

தண்டுல ஏறினதுக்கு அப்புறமும் ஒரு சுங்கச்சாவடி இருக்கு, அது கணு. நெல்லோட கணுவை வெட்டிப் பாத்தா நரம்பெல்லாம் பின்னிப் பிணைஞ்சு ஒரு ஜங்ஷன் மாதிரி இருக்கும், எந்தச் சத்து இலைக்குப் போகணும் எது கதிருக்குப் போகணும்னு பிரிச்சு அனுப்பற இடம் அது. கதிருக்குக் கீழ இருக்குற மேல் கணுவுல ஏபிசிசி1 பம்பு ஆர்சனிக்கை அங்கயே செல்லுக்குள்ள பூட்டிடும், அந்த ஜீனை முடக்கின செடியில மணியில ஆர்சனிக் எகிறிடுச்சு. வேர்ல நடக்கற சண்டையைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, தானியப் பயிர்ல மணிக்கு என்ன போகுதுன்னு முடிவாகற முக்கியமான இடம் இந்தக் கணுதான், இதைப் பாடப் புத்தகத்துல ஏன் அரை வரியோட விட்டுடறாங்கன்னு எனக்குப் புரியல.

நிராம்ப்5 வாசலைச் சொன்னேன்ல, ஜப்பான்ல கோஷிஹிகாரி ரகத்து விதையில கார்பன் அயனிக் கதிரைப் பாய்ச்சி, அந்த வாசல் கெட்டுப்போன செடிகளைத் தேடி எடுத்தாங்க, 2012ல வெளியான வேலை. மாசான வயல்ல வெச்சும் அரிசியில காட்மியம் கிட்டத்தட்ட இல்லைங்கற அளவுக்கு இறங்கிடுச்சு. மாங்கனீசும் அதே வாசல்ல வர்றதால இலையில அதுவும் குறையுது, மாங்கனீசு கம்மியா இருக்குற மண்ணுல இது ஒரு குறைதான். ஆனா இந்த மாதிரி ரகத்துல வயலைத் தைரியமா காய விடலாம், காட்மியம் பயம் இல்ல, அதனால ஆர்சனிக்கையும் சேத்துக் குறைக்கலாம். முன்னாடி ரகத்தை மாத்தணும்னு சொன்னது இதைத்தான்.

சரி, செடி பச்சையா இருக்கறதுக்கும் ஆபத்துக்கும் என்ன சம்பந்தம். அமெரிக்க வேளாண் துறையில இருந்த ரூஃபஸ் சேனி 1980ல இதை ஒரு தடுப்பு மாதிரி விளக்கினாரு, நான் படிச்சதுல இவ்வளவு உபயோகமான விளக்கம் கம்மி. ஜிங்க், செம்பு, நிக்கல் அதிகமானா சாப்பிடறவனுக்கு ஆபத்து வர்ற அளவுக்கு முன்னாடியே செடி மஞ்சளாகி குட்டையாகி காட்டிக் குடுத்துடும். ஈயமும் குரோமியமும் மண்ணுலயோ வேர்லயோ மாட்டிக்கும், மேல வர்றது கம்மி. காட்மியம் மட்டும் இந்த ரெண்டு தடுப்புலயும் சிக்காம நழுவிடும். கணக்கு போட்டே பாக்கலாம். நிறைய பயிர்கள்ல காய்ஞ்ச இலை எடைக்கு கிலோவுக்கு 5ல இருந்து 10 மில்லிகிராம் காட்மியம் வந்த பிறகுதான் செடிக்கே பாதிப்பு தெரிய ஆரம்பிக்கும். கீரை வகைக்கு கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வெச்ச வரம்பு பச்சை எடையில கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், கீரையில பத்துல ஒம்பது பங்கு தண்ணின்னு வெச்சுக்கிட்டா காய்ஞ்ச எடையில 2. ஆக 2ல இருந்து 5 வரைக்கும் இருக்குற அந்த இடைவெளியில கீரை தளதளன்னு இருக்கும், வரம்பைத் தாண்டியும் இருக்கும். அரிசியில இன்னும் மோசம், வெள்ளை அரிசிக்கு வரம்பு 0.4, அதைப் பல மடங்கு தாண்டினாலும் விளைச்சல் குறையாமலே இருக்கலாம்.

ஜப்பான்ல தொயாமா பகுதியில ஜின்சு ஆத்துத் தண்ணி பாஞ்ச வயல்ல நடந்தது இதுதான். மேல இருந்த கமியோகா சுரங்கத்துல இருந்து வந்த காட்மியம், நெல்லு விளைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, மக்கள் சாப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, சிறுநீரகம் கெட்டு எலும்பு இளகி உடையற இடாய்-இடாய் நோய் வந்துச்சு, 1968லதான் அரசாங்கம் அதை மாசால வந்த நோய்னு ஒத்துக்கிச்சு. அந்த வயல்களோட மண்ணை மாத்தி முடிக்க 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. மனுஷ சிறுநீரகத்துல போன காட்மியம் பாதியாகவே 10ல இருந்து 30 வருஷம் ஆகும்.

ஆர்சனிக் நடுவுல நிக்கற கேஸ். சில சமயம் நெல்லு காட்டிக் குடுக்கும், கதிர் முத்தி தலை சாய வேண்டிய நேரத்துல விறைப்பா நிக்கும், உருவிப் பாத்தா எல்லாம் பதர். மண்ணு நுண்ணுயிர்கள் ஆர்சனிக்கை மெத்தில் வடிவமா மாத்தறது அதுக்கு ஒரு முக்கியக் காரணம், செடியால தானா அந்த மாத்தம் பண்ண முடியாது. ஆனா பதர் இல்லாத வயல் சுத்தம்னு எடுத்துக்க முடியாது.

எந்தப் பயிர் எவ்வளவு எடுக்கும்னா, பொதுவா இலை அதிகம், கிழங்கும் வேரும் அடுத்து, தானியம் அதுக்கும் கீழ, பழமும் பருப்பும் ரொம்பக் கம்மி. விதிவிலக்கு இருக்கு, சூரியகாந்தி விதையிலயும் கோகோவுலயும் காட்மியம் கணிசமா சேரும், புகையிலை இலை காட்மியத்தை இழுத்து வெச்சுக்கறதுல பேர் போனது. ஈயத்துல வேற கதை, வேர் வழியா வர்றதை விட மழையில தெறிச்ச மண்ணும் தூசியும் இலை மேல படியறதுதான் பெரும்பாலும் பிரச்சனை, அதனால ஈயம் இருக்குற இடத்துல கீரையைக் கழுவறது உண்மையாவே பலன் தரும். காட்மியத்தைக் கழுவ முடியாது, அது உள்ள இருக்கு.

உலோகத்தை உறிஞ்சற செடி வெச்சு மண்ணைச் சுத்தம் பண்ணிடலாமேன்னு அடுத்து கேப்பீங்க. அப்படிப்பட்ட செடிகள் நிஜமாவே இருக்கு. நியூ கலிடோனியாவுல ஒரு மரம், பைக்னாண்ட்ரா, கீறினா நீலப்பச்சையா பால் வடியும், அந்தப் பால் காய்ஞ்சா கால்வாசி எடை நிக்கல். டெரிஸ் விட்டாட்டான்னு ஒரு பெரணி ஆர்சனிக்கை இலையில சேத்து வெக்கும்னு 2001ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. ஆனா கணக்கு பண்ணுங்க. ஒரு ஹெக்டேர்ல மேல 20 சென்டிமீட்டர் மண்ணு சுமார் 2600 டன். காட்மியத்தை கிலோவுக்கு 3 மில்லிகிராம்ல இருந்து 1க்கு கொண்டு வர 5.2 கிலோ காட்மியத்தை வெளிய எடுக்கணும். சாதாரணப் பயிர் 10 டன் காய்ஞ்ச எடை விளைஞ்சு அதுல கிலோவுக்கு 10 மில்லிகிராம் இருந்தாலும் வருஷத்துக்கு 100 கிராம், ஐம்பத்து ரெண்டு வருஷம். அதிகமா உறிஞ்சற செடி குட்டையா 3 டன் விளைஞ்சு 200 மில்லிகிராம் எடுத்தா ஒம்பது வருஷம், அதுவும் எல்லாம் நல்லபடியா நடந்தா. அறுத்த செடியை எங்க போடறதுன்னு தனிப் பிரச்சனை. கடுகு போட்டா ரெண்டு வருஷத்துல மண்ணு சுத்தமாயிடும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க. ஈடிடிஏன்னு உலோகத்தைப் பிடிச்சுக் கரைய வெக்கற ரசாயனத்தை ஊத்தினா செடி வேகமா எடுக்கும்னு ஒரு காலத்துல பரபரப்பா பேசினாங்க, கரைஞ்ச உலோகம் நிலத்தடி நீருக்குப் போகுதுன்னு தெரிஞ்சதும் அது அடங்கிடுச்சு.

உடனே செய்யக் கூடியதுல முதல்ல பிஹெச். அமில மண்ணுன்னா சுண்ணாம்பு போட்டு 6.5 பக்கம் கொண்டு வந்தா காட்மியம், ஜிங்க், நிக்கல், ஈயம் எல்லாம் அடங்கும், ஆனா ஆர்சனிக் இருக்குற மண்ணுல அதே சுண்ணாம்பு எதிர்மாறா வேலை செய்யலாம், கண்ணை மூடிக்கிட்டு கொட்டாதீங்க. ஜிங்க் குறைவா இருந்தா ஜிங்க் குடுங்க, அது காட்மியத்தோட வாசல்ல போட்டி போடும். நெல்லுக்கு ஆர்சனிக்னா சிலிக்கான், உமி, வைக்கோல் சாம்பல் மாதிரி. உப்புத் தண்ணி பாய்ச்சறதைத் தவிருங்க, குளோரைடு காட்மியத்தோட சேந்து அதைக் கரைஞ்ச நிலையில வெச்சு வேருக்கு கொண்டு போகும், ஆஸ்திரேலியாவுல உருளைக்கிழங்குல காட்மியம் ஏறினதுக்கு தண்ணியில இருந்த உப்புதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. பாஸ்பேட் உரம் எந்தப் பாறையில இருந்து வருதுங்கறதைப் பொறுத்து அதுலயே காட்மியம் இருக்கும், ஐரோப்பிய யூனியன் 2022ல இருந்து ஒரு கிலோ பாஸ்பரஸ் பெண்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம்னு வரம்பு வெச்சிருக்கு.

டெஸ்ட் பண்ணக் குடுக்கும்போது மண்ணு மட்டும் அனுப்பாதீங்க, மண்ணோட பிஹெச்சும் சேத்துக் கேளுங்க, அதை விட முக்கியமா சாப்பிடற பாகத்தை அனுப்புங்க, நெல்லுன்னா மணி, கீரைன்னா கழுவின இலை. இலையை டெஸ்ட் பண்ணிட்டு மணியைப் பத்தி முடிவு பண்ணிடாதீங்க, நடுவுல கணு இருக்கு. ரிசல்ட் வந்தா பச்சை எடைக்கா காய்ஞ்ச எடைக்கான்னு பாருங்க, கீரையில அது பத்து மடங்கு வித்தியாசம். அரிசிக்கு ஆர்சனிக்னா மொத்த ஆர்சனிக்கை மட்டும் பாத்துட்டு பயப்படவும் வேண்டாம் நிம்மதியாகவும் வேண்டாம், கோடெக்ஸ் வெச்ச 0.2 மில்லிகிராம் வரம்பு வெள்ளை அரிசியில கனிம ஆர்சனிக்குக்கு (கார்பனோட சேராத வடிவம்) மட்டும், அதைத் தனியா பிரிச்சு அளக்கற வசதி இருக்கான்னு லேப்ல முன்னாடியே கேட்டுக்கோங்க.